தாயைச் சுட்டார், குட்டியைத் தாலாட்டினார்: ஆல்ஃபிரட் ரஸல் வாலஸின் கதைக்கும் பேராக் ஆற்றுக்கும் என்ன தொடர்பு?

தைப்பிங் பக்கம் போனால் பேராக் அருங்காட்சியகத்தை எட்டிப் பார்த்திருப்பீர்கள். 1883ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இதுதான் மலேசியாவின் மிகப் பழைய அருங்காட்சியகம். அங்கே பாடம் செய்யப்பட்ட விலங்குகளும் எலும்புக்கூடுகளும் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக இருக்கின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள்.

ஆனால், 19ஆம் நூற்றாண்டில் அருங்காட்சியகங்களுக்கு இந்த மாதிரி உடல்கள் எப்படி வந்து சேர்ந்தன என்று யோசித்திருக்கிறீர்களா? காட்டில் சுட்டு, தோலை உரித்து, எலும்பைச் சுத்தம் செய்து, பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள். அந்த வேலையையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர்தான், மனிதனுக்கு நெருங்கிய உறவான வாலில்லாக் குரங்குகளைப் பற்றி இந்த வட்டாரத்திலிருந்து உலகுக்கு முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர். அவர் பெயர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ்.

யார் இந்த வாலஸ்?

1823 ஜனவரி 8 அன்று வேல்ஸில், அஸ்க் என்ற சிற்றூருக்கு அருகே பிறந்தார். குடும்பத்தில் பணக் கஷ்டம். 14 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றார். அண்ணனோடு சேர்ந்து நிலம் அளக்கும் வேலைக்குப் போனார். பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது, பெரிய இடத்துத் தொடர்பும் கிடையாது.

நிலம் அளக்கப் போன இடத்தில் செடி கொடிகளைப் பார்த்து ஆசை வந்தது. பிறகு லெஸ்டர் நகரில் ஆசிரியராக இருந்தபோது ஹென்றி பேட்ஸ் என்ற பூச்சிப் பிரியர் நண்பரானார். இரண்டு பேரும் 1848இல் அமேசான் காட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். கையில் காசில்லை. பிடித்த பூச்சிகளையும் பறவைகளையும் லண்டனில் உள்ள முகவர் மூலம் விற்றுத்தான் வயிற்றைக் கழுவ வேண்டும்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1852இல் ஊர் திரும்பும்போது நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்தது. சேகரித்ததில் பெரும்பகுதி போயிற்று. பத்து நாட்கள் திறந்த படகில் தவித்து உயிர் தப்பினார். முகவர் முன்யோசனையாகக் காப்பீடு எடுத்திருந்ததால் 200 பவுன் கிடைத்தது.

ஆறுதான் எல்லை

அந்த இழப்புக்குப் பிறகு, அதே ஆண்டில் லண்டன் விலங்கியல் கழகத்தில் அமேசான் குரங்குகளைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். சின்னக் கட்டுரைதான். ஆனால் அதில் இருந்த ஒரு கவனிப்பு இன்றைக்கும் பேசப்படுகிறது.

அமேசான், ரியோ நீக்ரோ, மடெய்ரா போன்ற பெரிய ஆறுகளின் ஒரு கரையில் இருக்கும் குரங்கு இனம் மறுகரையில் இருப்பதில்லை. அங்கே அதற்குச் சொந்தக்கார இனம் ஒன்று இருக்கும். இது உள்ளூர் வேட்டைக்காரர்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரியும். குறிப்பிட்ட குரங்கு வேண்டுமென்றால் அவர்கள் ஆற்றைக் கடந்துதான் போவார்கள். அருங்காட்சியகப் பெட்டிகளிலோ எந்தக் கரையில் பிடித்தது என்றுகூட எழுதப்படவில்லை. உயிரினம் எங்கே கிடைத்தது என்பதைத் துல்லியமாகக் குறிக்க வேண்டும் என்று வாலஸ் வலியுறுத்தினார். இந்த ஆற்றுக் கதையை மறந்துவிடாதீர்கள், பேராக்குக்கு வரும்போது தேவைப்படும்.

சிமுன்ஜான் காட்டில் நடந்தது

1854 ஏப்ரலில் சிங்கப்பூர் வந்து இறங்கினார். சில மாதங்கள் மலாக்காவில் தங்கி, லேடாங் மலை ஏறினார். பிறகு சரவாக்கின் ராஜா ஜேம்ஸ் புரூக் அழைப்பின் பேரில் அங்கே போனார். 1855 மார்ச்சில் சிமுன்ஜான் ஆற்றங்கரை நிலக்கரிச் சுரங்கத்தில் முகாம் போட்டார். அவர் தேடிப் போனதில் முக்கியமானது ஓராங் ஊத்தான்.

அங்கே பத்துக்கும் மேற்பட்ட ஓராங் ஊத்தான்களைச் சுட்டார். தோலும் எலும்பும் லண்டனுக்குப் போயின. இன்று படிக்கும்போது மனசு கனக்கும். அன்று அறிவியலும் பிழைப்பும் இப்படித்தான் நடந்தன.

ஒரு நாள் தாய் ஒன்றைச் சுட்டு வீழ்த்தினார். கீழே சேற்றில் முகம் குப்புறக் கிடந்தது ஒரு குட்டி. நீளம் சுமார் ஓர் அடி. ஒரு பல் கூட முளைக்கவில்லை. தூக்கிக்கொண்டு வரும் வழியில் அது அவருடைய தாடியை இறுக்கப் பிடித்துக்கொண்டது, விடவே இல்லை.

வளர்ப்பது என்று முடிவு செய்தார். அந்தக் காட்டில் பாலுக்கு எங்கே போவது? சோற்றுக் கஞ்சியைப் புட்டியில் ஊற்றி, மூடியில் இறகுக் குழாய் செருகிக் குடிக்க வைத்தார். சில வேளை சர்க்கரையும் தேங்காய்ப் பாலும் சேர்த்தார். பெட்டியில் தொட்டில் செய்தார். தினமும் குளிப்பாட்டித் துடைத்து, முடியை வாரிவிட்டார்.

குட்டிக்கு எப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். எருமைத் தோல் துண்டு ஒன்றைச் சுருட்டி ஒரு பொம்மைத் தாயைச் செய்து தொங்கவிட்டார். குட்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் பால் குடிக்கிற நினைப்பில் முடியை வாய் நிறைய இழுத்துத் திணறியது. வேறு வழியில்லாமல் பொம்மையைப் பிரித்துவிட்டார். பிறகு ஒரு குட்டிக் குரங்கைத் துணைக்கு விட்டார். இரண்டும் இணைபிரியாமல் விளையாடின.

ஏறக்குறைய மூன்று மாதம் ஆனது. விட்டுவிட்டு வரும் காய்ச்சல் மாதிரி ஏதோ வந்து, குட்டி இளைத்து இறந்துபோனது. வாலஸ் வருந்தினார். வருந்திக்கொண்டே அதன் தோலையும் எலும்பையும் எடுத்துப் பதப்படுத்தினார். அப்போதுதான் தெரிந்தது: மரத்திலிருந்து தாயோடு விழுந்த அன்றே அதன் ஒரு கையும் ஒரு காலும் முறிந்திருக்கின்றன. தானாகவே கூடிவிட்டதால் அவர் கவனிக்கவில்லை.

அந்த எருமைத் தோல் தாய் ஏன் முக்கியம்? அதிலிருந்து நூறு ஆண்டு கழித்து, 1958இல், அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹார்லோ ஓர் ஆய்வை வெளியிட்டார். பால் தரும் கம்பித் தாயையும் மென்மையான துணித் தாயையும் குரங்குக் குட்டிகள் முன்னால் வைத்தார். குட்டிகள் துணியையே கட்டிக்கொண்டன. பசி தீர்ந்தால் மட்டும் போதாது, அணைப்பும் வேண்டும் என்று அந்த ஆய்வு காட்டியது. வாலஸ் காட்டுக் குடிசையில் கண்டதும் ஏறக்குறைய இதைத்தான்.

காய்ச்சலில் பிறந்த கோட்பாடு

1858 பிப்ரவரியில் மலுக்கு தீவுகளில் காய்ச்சலில் படுத்திருந்தபோது, இயற்கைத் தேர்வு என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. சூழலுக்குப் பொருந்துபவை பிழைக்கின்றன, மற்றவை அழிகின்றன, இப்படியே இனங்கள் மாறுகின்றன என்பது அதன் சாரம். எழுதி சார்லஸ் டார்வினுக்கு அனுப்பினார். அதே எண்ணத்தை இருபது ஆண்டுகளாக அடைகாத்துக்கொண்டிருந்த டார்வின் ஆடிப்போனார். 1858 ஜூலை 1 அன்று இருவரின் எழுத்தும் லண்டன் லின்னேயன் கழகத்தில் ஒன்றாக வாசிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு டார்வினின் நூல் வந்தது. பெயர் டார்வினுக்கே போனது. வாலஸ் அதற்காகச் சண்டை போடவில்லை.

எட்டு ஆண்டுப் பயணத்தில் 1,25,000க்கும் அதிகமான மாதிரிகள் சேர்ந்தன. அதில் தனி மனிதரின் உழைப்பு மட்டும் இல்லை. சரவாக்கில் சேர்ந்த அலி என்ற மலாய் இளைஞர் சமையலில் தொடங்கி, பறவை சேகரிப்பதில் தேர்ந்தவரானார். பச்சான் தீவில் அலி கொண்டுவந்த ஒரு சொர்க்கப் பறவைக்கு அறிவியலில் வாலஸின் பெயர்தான் வைக்கப்பட்டது.

1862இல் இங்கிலாந்து திரும்பினார். 1869இல் மலாய்த் தீவுக்கூட்டம் பற்றிய புகழ்பெற்ற பயண நூலை வெளியிட்டு, அதை டார்வினுக்குக் காணிக்கையாக்கினார். அதே ஆண்டில் டார்வினுக்கு வருத்தமும் கொடுத்தார். மனித மூளையை இயற்கைத் தேர்வு மட்டும் உருவாக்கியிருக்க முடியாது, அதற்கு மேல் ஒரு சக்தி இருக்க வேண்டும் என்று எழுதினார். மனிதனையும் குரங்கையும் இணைக்கும் பாலத்தைக் கட்டியவரே நடுவில் நின்றுவிட்டார். ஆனாலும் 1881இல் வாலஸுக்கு ஆண்டுக்கு 200 பவுன் அரசு ஓய்வூதியம் கிடைக்க முன்னின்றவர் டார்வின்தான். 1913 நவம்பர் 7 அன்று, 90 வயதில், வாலஸ் காலமானார்.

சுடாமல் பார்க்கக் கற்ற காலம்

1960 ஜூலையில், வாலஸைப் போலவே பட்டம் ஏதுமில்லாத ஓர் இளம்பெண் தான்சானியாவின் கோம்பே காட்டுக்குள் போனார். அவர் ஜேன் குடால். கையில் துப்பாக்கி இல்லை, தொலைநோக்கியும் நோட்டுப் புத்தகமும்தான். சில மாதங்களிலேயே, சிம்பன்சி ஒன்று புல் தண்டைப் புற்றுக்குள் விட்டுக் கரையான் பிடித்துத் தின்பதைக் கண்டார். இலையை உருவிக் குச்சியைத் தயார் செய்வதையும் பார்த்தார். கருவி செய்வது மனிதன் மட்டும்தான் என்ற நினைப்பு உடைந்தது. வாலஸ் கட்டாமல் விட்ட பாலத்தில் இன்னொரு பலகை விழுந்தது.

இன்றைய ஆய்வாளர்கள் சாணத்திலிருந்து மரபணு எடுக்கிறார்கள். தானியங்கி கேமராவும் ஒலிப்பதிவும் உதவுகின்றன. வடக்கு சுமத்ராவின் தப்பனூலி ஓராங் ஊத்தான் 2017இல் தனி இனம் என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு ஆய்வாளர்கள் எதையும் சுடவில்லை. மனிதர்களோடு ஏற்பட்ட மோதலில் காயப்பட்டு இறந்த ஓர் ஆணின் எலும்புக்கூட்டையும் மரபணுவையும்தான் பயன்படுத்தினார்கள்.

சரி, பேராக் ஆறு எங்கே வருகிறது?

தீபகற்ப மலேசியக் காடுகளில் ஓராங் ஊத்தான் கிடையாது. புக்கிட் மேரா ஏரித் தீவில் நீங்கள் பார்ப்பவை பராமரிப்பில் உள்ளவை. ஆனால் பேராக் காடுகளுக்குச் சொந்தமான வாலில்லாக் குரங்குகள் உண்டு. மலாயில் உங்கா என்று சொல்லும் கிப்பன்களும், தொண்டைப் பையை ஊதிக் கத்தும் சியாமாங்கும்தான் அவை.

இங்கேதான் வாலஸின் ஆற்றுக் கதை திரும்ப வருகிறது. ஈப்போ இருக்கும் கிழக்குக் கரைக் காடுகளில் வெள்ளைக் கை கிப்பன் வாழ்கிறது. தைப்பிங் இருக்கும் மேற்குக் கரையில் இருப்பது வேறொன்று: கை வெளுக்காத, புருவம் வெளுத்த இன்னோர் இனம். இரண்டுக்கும் பாட்டே வேறு. கிப்பனுக்கு நீந்தத் தெரியாது, மரத்தை விட்டு இறங்குவதும் அபூர்வம். அதனால் பேராக் ஆறே வேலியாக நிற்கிறது. 1970களில் மேற்குக் கரையின் குனோங் பூபு காட்டில் கிட்டின்ஸ் என்ற ஆய்வாளர் தங்கி, இந்த மேற்குக் கரை இனத்தை நெடுநாள் கவனித்து எழுதினார்.

ஆற்றை விடப் பெரிய வேலி ஒன்றை மனிதர்கள் போட்டார்கள். 1877இல் கோலகங்சாரில் ஹியூ லோ ரப்பர் கன்றுகளை நட்டார். அடுத்த சில பத்தாண்டுகளில் காடு எஸ்டேட் ஆனது. நம் தாத்தா பாட்டிமார் கப்பலேறி வந்து பால் வெட்டியது அந்த நிலத்தில்தான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, சில இடங்களில் வீடமைப்பு வந்தது. வாலுள்ள சாதாரணக் குரங்கு இதையெல்லாம் சமாளித்து உங்கள் வீட்டுக் குப்பைத்தொட்டி வரை வந்துவிடும். கிப்பனால் முடியாது. கிளைக்குக் கிளை தொடராத இடத்தில் அதற்குப் பாதையே இல்லை.

உங்களுக்கு இதில் என்ன வேலை?

கிப்பன்களும் சியாமாங்கும் இன்று அழியும் ஆபத்தில் உள்ளவை. மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முழுப் பாதுகாப்பு பெற்றவை. ஆனாலும் குட்டிகளைச் செல்லப் பிராணியாக விற்கும் கள்ள வியாபாரம் நிற்கவில்லை. டயப்பர் கட்டி, புட்டிப்பால் கொடுக்கும் காணொளிகள் கைப்பேசியில் வரத்தான் செய்கின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

கிப்பன் தாய் தன் குட்டியைத் தானாக விட்டுக்கொடுக்காது. குட்டி கைக்கு வர வேண்டுமென்றால், பெரும்பாலும் தாய் சுடப்பட்டிருக்கும். 1855இல் சிமுன்ஜானில் நடந்ததுதான் இது. வாலஸ் அதை ஒளிக்காமல் எழுதி வைத்தார், உலகம் பாடம் கற்றது. இன்று சுடுபவர்கள் எதையும் எழுதி வைப்பதில்லை.

அப்படி ஒரு குட்டியை விற்கப் பார்த்தால் பகிராதீர்கள், இரக்கப்பட்டு வாங்கவும் செய்யாதீர்கள். பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறைக்குத் தகவல் கொடுங்கள். அதிகாலையில் மலைப் பக்கம் போக நேர்ந்தால் கொஞ்சம் நின்று காது கொடுங்கள். ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடுவது கேட்கலாம். எந்தக் கரையில் நிற்கிறீர்களோ, அந்தக் கரையின் பாட்டு அது.