குளத்துச் செடியும் கோனிக்கும்

ஒளிச்சேர்க்கை ஆய்வின்போது கண்ணாடிக் குவளை நீருக்குள் வைக்கப்படும் செடி ஹைட்ரில்லா. வெயில் படும்போது அதிலிருந்து குமிழ்கள் எழும். குளத்திலும் வாய்க்காலிலும் நீரில் மூழ்கி வளரும் இச்செடியை மக்கள் பொதுவாகப் பாசி என்பர். ஆயினும் இது பாசி அன்று. வேர், தண்டு, இலை, பூ ஆகியவற்றை உடைய செடி. இதனை அறிவியல் உலகம் அறியக் காரணமானவர் யோகான் கெரார்டு கோனிக்.

கோனிக் 1728ஆம் ஆண்டு பால்டிக் கடலோரத்து லிவோனியாவில் பிறந்தார். இளமையில் மருந்தாளுநர் தொழில் பயின்றார். பின்னர்ச் சுவீடன் சென்று கார்ல் லின்னேயஸின் மாணவரானார். உயிரினங்களுக்கு இருசொற்பெயர் வழங்கும் முறையை நிலைநாட்டியவர் லின்னேயஸ். பூவின் மகரந்தத் தாள்களை எண்ணிச் செடிகளை வகைப்படுத்துவது அவர் கற்பித்த நெறியாகும்.

1768ஆம் ஆண்டு கோனிக் தரங்கம்பாடிக்கு வந்தார். அவ்வூர் அப்போது டென்மார்க்கு நாட்டவரின் ஆட்சியில் இருந்தது. அங்கிருந்த சமயப்பணிக் குழுவுக்கு மருத்துவராகப் பணியாற்றினார். ஓய்வு நேரங்களில் செடிகளைத் தேடி நடந்தார். இருசொற்பெயர் முறையை இந்தியச் செடிகளுக்குப் பயன்படுத்திய முன்னோடி அவரே. தாம் கற்ற கலையை நண்பர்களுக்கும் கற்பித்தார்.

நீர்ச்செடிகளை இனங்காண்பது எளிதன்று. நீரைவிட்டு எடுத்தவுடன் அவற்றின் மெல்லிய இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஹைட்ரில்லாவின் பூவோ மிகச் சிறியது. அதன் ஆண்பூ செடியிலிருந்து பிரிந்து, நீர்மட்டத்துக்கு மிதந்து வந்து, வெடித்து மகரந்தத்தைத் தூவும். பூ இல்லாத காலத்தில் இலைகளே துணை. தண்டின் ஒவ்வொரு கணுவிலும் மூன்று முதல் எட்டு இலைகள் வட்டமாக அமைந்திருக்கும். இலையின் ஓரம் வாள்போல் பல்லுடையது. செரட்டோபில்லம் என்னும் நீர்ச்செடியும் தொலைவில் இவ்வாறே தோன்றும். ஆனால் அதன் இலைகள் கவைபோலப் பிளந்திருக்கும். அதற்கு வேரும் இல்லை.

இந்திய நீர்நிலையில் கோனிக் சேகரித்த செடியைக் கொண்டு, லின்னேயஸின் மகன் 1782ஆம் ஆண்டு இதனை நூலில் விவரித்தார். வட்டமாக இலை அமைந்தது என்னும் பொருளில் வெர்ட்டிசில்லேட்டா என்று பெயரிட்டார். பின்னாளில் ஹைட்ரில்லா என்னும் பேரினப் பெயர் அதனுடன் சேர்ந்தது.

செடிகளைத் தேடிப் பயணம் செய்யக் கோனிக்கின் ஊதியம் போதவில்லை. ஆகவே 1774ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாபிடம் பணியில் சேர்ந்தார். 1778ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளரானார். சயாம், மலாக்கா ஆகிய இடங்களுக்கும் சென்று ஆராய்ந்தார். 1785ஆம் ஆண்டு பயணத்தின் இடையே நோயுற்றார். நண்பர் வில்லியம் ராக்ஸ்பரோ மருத்துவம் செய்தும் பயனின்றிக் காக்கிநாடாவுக்கு அருகே உயிர் நீத்தார்.

தம் கண்டுபிடிப்புகளைத் தொகுத்துப் பெருநூல் எழுத அவருக்கு வாய்ப்புக் கிட்டவில்லை. அவர் அனுப்பிய செடிகளையும் குறிப்புகளையும் கொண்டு பிறரே நூல்கள் எழுதினர். ராக்ஸ்பரோ அவர் வழியில் சென்று இந்தியத் தாவரவியலை வளர்த்தார். ஹைட்ரில்லாவின் பெயரில் கோனிக்கின் பெயர் இல்லை. எனினும் தமிழர் சமையலறையில் நாள்தோறும் மணக்கும் கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் இரண்டாம் சொல் கோனிகி என்பதாகும். அது லின்னேயஸ் தம் மாணவருக்குச் செய்த சிறப்பு.

அருஞ்சொற்பொருள்
நெறி – வழிமுறை
கணு – தண்டில் இலை தோன்றும் இடம்
கவை – கிளையாகப் பிரிந்த வடிவம்

வினாக்கள்
1. ஹைட்ரில்லாவைப் பாசி என்பது ஏன் பொருந்தாது?
2. ஹைட்ரில்லாவையும் செரட்டோபில்லத்தையும் எவ்வாறு வேறுபடுத்தி அறியலாம்?
3. கோனிக் தரங்கம்பாடிப் பணியை விட்டு நவாபிடம் சேர்ந்தது ஏன்?
4. உங்கள் ஊர்க் குளத்திலோ ஏரியிலோ வளரும் நீர்ச்செடி ஒன்றின் இலை அமைப்பை உற்றுநோக்கி ஐந்து தொடர்களில் எழுதுக.