மயக்கத்தை அளந்த ஜான் ஸ்னோ

காலரா குடிநீரால் பரவுகிறது என்று காட்டியவராகவே ஜான் ஸ்னோவை நாம் அறிவோம். லண்டன் பிராட் தெருவில் 1854 செப்டம்பரில் ஓர் அடிகுழாயின் கைப்பிடி கழற்றப்பட்ட கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. ஆனால் அவருக்குச் சோறு போட்டது காலரா அன்று. அறுவைக்கு வரும் நோயாளிகளுக்கு மயக்க மருந்து கொடுப்பதே அவருடைய அன்றாடத் தொழில்.

1813 மார்ச் 15-இல் யார்க் நகரில் ஓர் ஏழைத் தொழிலாளியின் ஒன்பது குழந்தைகளுள் மூத்தவராகப் பிறந்தார். 14 வயதில் நியூகாசிலில் ஒரு மருத்துவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். 1836-இல் லண்டன் வந்து படித்து, 1844-இல் எம்.டி. பட்டம் பெற்றார். மதுவைத் தொடாதவர், திருமணம் செய்துகொள்ளாதவர்.

1846 அக்டோபரில் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்கம் அனைவர் முன்னிலையிலும் செய்து காட்டப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் லண்டன் மருத்துவர்களும் அதைக் கையாளத் தொடங்கினர். ஆனால் ஒருவர் ஆழ்ந்து உறங்கினார். இன்னொருவர் கத்தியின் வலியில் அலறினார். ஏன் இந்த வேறுபாடு? வெப்பம் கூடினால் காற்று ஏற்கும் ஈதர் ஆவியும் கூடும், குளிர்ந்தால் குறையும் என்பதை ஸ்னோ கண்டார். வெப்பநிலைக்கேற்ற அட்டவணை வகுத்து, நீர்த் தொட்டியில் வைத்துப் பயன்படுத்தும் கருவி ஒன்றையும் அமைத்தார். 1847-இல் இதை நூலாகவே எழுதிவிட்டார்.

அதே ஆண்டு நவம்பரில் எடின்பரோவில் சிம்சன் குளோரோபாரத்தை அறிமுகம் செய்தார். கருவி வேண்டாம், கைக்குட்டையில் ஊற்றி மூக்கருகே பிடித்தால் போதும். இந்த எளிமைதான் ஆபத்தாயிற்று. 1848 ஜனவரி 28-இல், நியூகாசிலுக்கு அருகே, கால்விரல் நகத்தை அகற்றுவதற்காக மயக்கப்பட்ட 15 வயதுப் பெண் சில நிமிடங்களில் இறந்துபோனாள். நகத்துக்காக ஓர் உயிர்! மரண விசாரணையில் மருத்துவர்மீது குற்றமில்லை என்று முடிவாயிற்று. அவளைத் தெளிவிக்க வாயில் ஊற்றிய தண்ணீரும் பிராந்தியுமே மூச்சை அடைத்தன என்று வாதாடினார் சிம்சன். பின்னர் இத்தகைய சாவுகள் நேர்ந்தபோதெல்லாம் நோயாளியின் உடல்வாகின்மேல் பழி போட்டவர்களும் உண்டு.

ஸ்னோ இதை ஏற்கவில்லை. காற்றில் 100-க்கு 5 பங்கு அளவில் குளோரோபார ஆவி இருந்தால் அச்சமில்லை; அதைவிட மிகுந்தால் அது இதயத்தையே நிறுத்திவிடும் என்றார். துணியில் ஊற்றுகிறவருக்கு எத்தனை பங்கு உள்ளே போகிறது என்று எப்படித் தெரியும்? இக்கருத்தில் ஒரு சங்கடம் உண்டு. உடல்வாகு காரணம் என்றால் யாருக்கும் பொறுப்பில்லை. அளவு காரணம் என்றால் ஊற்றிய கைக்குப் பொறுப்பு வந்துவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், 1853 ஏப்ரல் 7-இல் விக்டோரியா அரசியாரின் பிரசவத்துக்கு அழைக்கப்பட்டபோது அவரும் கைக்குட்டையைத்தான் பயன்படுத்தினார். ஆனால் 53 நிமிடங்கள், சிறிது சிறிதாக. அரசியார் முழு நினைவு இழக்கவில்லை.

அவர் சொன்னது முழுதும் சரி என்று கூறிவிட முடியாது. அச்சத்துடன் அரைமயக்கத்தில் இருப்பவரின் இதயமும் குளோரோபாரத்தால் தாளம் தவறி நின்றுவிடலாம் என்று 1911-இல் லெவி என்ற மருத்துவர் காட்டினார். அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது அதுவாகவே இருக்கலாம்.

ஸ்னோவுக்கும் சோதனை வந்தது. 1856-இல் அமிலீன் என்ற புதிய மருந்தை அவரே புகுத்தினார். முதலில் விலங்குகளிடம் சோதித்து, பிறகு கருவியால் அளந்தே கொடுத்தார். 238 பேருக்குக் கொடுத்ததில் இருவர் 1857-இல் அவர் கையிலேயே இறந்தனர். அளந்து கொடுத்தவர் கையில்! அவர் உடல்வாகைச் சாக்குச் சொல்லி ஒதுங்கவில்லை. நடந்ததை விவரமாக மருத்துவ இதழில் தாமே எழுதினார், அமிலீனைக் கைவிட்டார். இவரை நான் மதிப்பது, அரசியாரின் மருத்துவர் என்பதைவிட இதற்காகவே.

குளோரோபாரம் பற்றிய பெருநூலை எழுதிக்கொண்டிருந்த நிலையில் 1858 ஜூன் 10-இல் பக்கவாதம் தாக்கியது. 16-ஆம் நாள் காலமானார், வயது 45. நண்பர் ரிச்சர்ட்சன் அந்நூலை அவ்வாண்டே வெளியிட்டார். குளோரோபாரத்தால் நேர்ந்ததாகச் சொல்லப்பட்ட 50 சாவுகளை ஒவ்வொன்றாக ஆராயும் அந்த நூலிலேயே, பின்பகுதியில், அமிலீனால் தம் கையில் இறந்த அந்த இருவரின் வரலாறும் இருக்கிறது.