காகித மனிதனும் ஒரு கோப்பிக்கடையும்

மத்தியாஸ் சிண்டெலார் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது 1997இல். எங்கள் ஊர்க் கழகத்தின் பயிற்றுவிப்பாளர்தான் சொன்னார். அப்போது யாழ்ப்பாணத்தில் மாலையானால் ஊரடங்கு. அதற்கு முன் விளையாடி முடித்து, காவலரணைத் தாண்டி வீடு போய்ச் சேர வேண்டும். விளையாட்டு முடிந்து சப்பாத்துக் கழற்றும் அந்தப் பத்து நிமிடத்தில் அவர் கதை சொல்வார். நாடு பிடிக்கப்பட்ட பிறகும், பிடித்தவனுக்கு எதிராகக் கோல் அடித்து, அவனுடைய அதிகாரிகளின் முன்னால் போய் ஆடிக் காட்டிய முன்கள வீரனின் கதை அது. பதினாறு வயதுப் பையன்களுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? அன்றிலிருந்து பல வருடங்கள் சிண்டெலார் என்றால் எனக்கு அந்த ஒரு கோலும் அந்த ஒரு ஆட்டமும்தான்.

பிறகு அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். பயிற்றுவிப்பாளர் சொன்ன கதை பொய்யல்ல. ஆனால் அது பாதிக் கதை.

சிண்டெலார் 1903 பெப்ரவரி 10ஆம் திகதி மொராவியாவில் கொஸ்லோவ் என்ற சிறு கிராமத்தில் பிறந்தார். இன்று அது செக் குடியரசில் இருக்கிறது. அன்று ஒஸ்ரோ-ஹங்கேரியப் பேரரசின் ஒரு மூலை. தகப்பன் மேசன். பிழைப்புத் தேடிக் குடும்பம் வியன்னாவுக்கு வந்து ஃபவோரிட்டன் என்ற தொழிலாளர் பகுதியில் குடியேறியது. அங்கே செங்கல் சூளைகளில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் செக் மொழி பேசியவர்கள். வியன்னாவின் பெரிய மனிதர்கள் அவர்களை ஏளனமாகவே பார்த்தார்கள். பிள்ளைகள் பழந்துணியைச் சுற்றிப் பந்தாக்கித் தெருவில் விளையாடினார்கள்.

முதலாம் உலகப் போரில் தகப்பன் இத்தாலிய எல்லைப் போர்முனைக்கு அனுப்பப்பட்டு 1917இல் கொல்லப்பட்டார். தாய் வீடுகளுக்குத் துணி துவைத்துக் கொடுத்து மத்தியாசையும் அவருடைய சகோதரிகளையும் வளர்த்தார். மத்தியாஸ் பூட்டு, இரும்பு வேலை பழகப் போனார். 15 வயதில் ஹேர்த்தா வியன்னா என்ற உள்ளூர்க் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது.

1923இல் முழங்காலில் பெரிய காயம். சத்திர சிகிச்சை செய்து காலைக் காப்பாற்றினார்கள். அதன் பிறகு கடைசிவரை அந்த முழங்காலில் துணிப்பட்டி கட்டிக்கொண்டேதான் விளையாடினார். அவருடைய படங்கள் பலவற்றில் அதைக் காணலாம். அந்தக் காயம்தான் அவருடைய ஆட்டத்தை உருவாக்கியது என்று நான் நினைக்கிறேன். மோதினால் கால் போய்விடும். ஆகவே மோதாமல் விளையாடக் கற்றுக்கொண்டார். ஒல்லியான உடம்பு. தடுப்பாளர் காலை நீட்டும்போது அவர் அந்த இடத்தில் இருக்கமாட்டார். காற்றில் ஒரு கடதாசி நழுவுவதுபோல் இடைவெளிகளில் நழுவிப் போனதால் வியன்னா மக்கள் அவருக்குக் காகித மனிதன் என்று பெயர் வைத்தார்கள். முன்வரிசையின் நடுவே நிற்க வேண்டியவர் பின்னால் இறங்கிவந்து பந்தை வாங்கி, தன்னைத் தொடர்ந்து வந்த தடுப்பாளர் விட்டுவந்த வெளிக்குள் மற்றவர்களை ஓடவிடுவார். இன்று இதைப் பெரிய தந்திரமாகப் பேசுகிறார்கள்.

1924இல் அமெச்சூர் என்ற பெயருடைய கழகத்தில் சேர்ந்தார். அதே வருடம்தான் ஐரோப்பியக் கண்டத்தின் முதலாவது தொழில்முறை லீக் வியன்னாவில் தொடங்கியது. சம்பளம் வாங்கும் வீரர்களுக்கு அமெச்சூர் என்ற பெயர் பொருந்தாமற்போக, 1926இல் கழகம் ஒஸ்ரியா வியன்னா என்று பெயரை மாற்றியது. யூத வர்த்தகர்களும் மருத்துவர்களும் நிர்வாகத்தில் நிறைந்திருந்த கழகம் அது. சூளைத் தெருவிலிருந்து வந்த பையனுக்கு அங்கே மதிப்புக் கிடைத்தது. பால் உற்பத்தி விளம்பரங்களில்கூட அவர் படம் வந்தது.

1926இல் பிராக் நகரில் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு எதிராகத் தேசிய அணிக்கு முதல் ஆட்டம். அதிலேயே ஒரு கோல். ஆனால் அணியை நடத்திய ஹ்யூகோ மைஸ்ல் அவரை இரண்டு வருடங்களுக்கு மேல் ஒதுக்கி வைத்தார். 1931 மே மாதம் ஸ்கொட்லாந்துக்கு எதிராக மீண்டும் அழைத்தார். 5-0. எட்டு நாள் கழித்து பேர்லினில் ஜேர்மனியை 6-0. செப்டெம்பரில் அதே ஜேர்மனியை வியன்னாவில் 5-0. 1932 ஏப்ரலில் ஹங்கேரியை 8-2. அதில் மூன்று கோல்கள் சிண்டெலாருடையவை. அந்த அணியை அற்புத அணி என்றே உலகம் அழைத்தது. 1932 டிசெம்பரில் லண்டனில் இங்கிலாந்திடம் 4-3 என்று தோற்றபோதும், சொந்த மண்ணில் கண்டத்து அணிகளிடம் தோற்றுப் பழகாத ஆங்கிலேயர் இவர்களைக் கண்டு வியந்தார்கள். 1933இல் மிட்றோப்பா கிண்ண இறுதிச் சுற்றில் மிலான் நகரத்து அம்புரோசியானாவிடம் முதல் ஆட்டத்தில் 2-1 என்று தோற்றுவந்த கழகம், வியன்னாவில் 3-1 என்று வென்று கிண்ணத்தைத் தூக்கியது. மூன்றையும் அடித்தவர் சிண்டெலார்.

1934 உலகக் கிண்ணத்தில் முசோலினியின் இத்தாலியிடம் அரையிறுதியில் 1-0 என்று தோற்றார்கள். மழையில் சேறான மைதானம். அவரைக் கட்டிப்போடும் பொறுப்பு லூயிஸ் மொன்ரிக்கு. கடதாசி சேற்றில் என்ன செய்யும்?

1938 மார்ச் 12ஆம் திகதி ஹிட்லரின் படைகள் ஒஸ்ரியாவுக்குள் நுழைந்தன. உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றிருந்த ஒஸ்ரிய அணி இல்லாமற் போயிற்று. இணைப்பை மக்கள் ஏற்கின்றார்களா என்ற வாக்கெடுப்பு ஏப்ரல் 10ஆம் திகதி. அதற்கு ஒரு வாரம் முன்பு, ஏப்ரல் 3ஆம் திகதி, வியன்னாவின் பிராட்டர் மைதானத்தில் ஒஸ்ரியாவும் ஜேர்மனியும் ஆடும் இணைப்புப் போட்டி ஒன்று ஏற்பாடானது. ஒஸ்ரியா 2-0 என்று வென்றது. முதல் கோல் சிண்டெலார். இரண்டாவது அவருடைய நண்பர் கார்ல் செஸ்ரா. இவை பதிவில் உள்ளவை. முதற்பாதியில் வேண்டுமென்றே வாய்ப்புகளைத் தவறவிட்டுக் கேலி செய்தார், கோல் விழுந்ததும் நாசித் தலைவர்கள் அமர்ந்திருந்த பக்கமாகப் போய் ஆடினார் என்பவை பின்னாளில் வாய்வழியாக வளர்ந்தவை. எனக்கு அந்த ஆட்டம் நடந்திருக்க வேண்டும் என்று இன்றும் ஆசை. ஆசை வேறு, சான்று வேறு.

அவர் செய்தவற்றுள் உறுதியானது ஆர்ப்பாட்டமில்லாத ஒன்று. ஜேர்மன் அணிக்கு விளையாட வரும்படி பயிற்றுவிப்பாளர் செப் ஹேர்பேர்கர் கேட்டபோது, வயதையும் காயத்தையும் காரணம் காட்டி மறுத்தார். திரும்பக் கேட்டபோதும் மறுத்தார். அவர் இல்லாமல் பிரான்சுக்குப் போன அந்தக் கலப்பு அணி முதல் சுற்றிலேயே சுவிற்சர்லாந்திடம் தோற்றது. அதே நாட்களில் கழகத்தின் யூத நிர்வாகிகள் துரத்தப்பட்டார்கள். தலைவராக இருந்த மருத்துவர் எமானுவேல் ஷ்வார்ஸுடன் பேசக்கூடாது என்று வீரர்களுக்குக் கட்டளை. சிண்டெலார் அவரைக் கண்ட இடத்தில் முன்போலவே வணக்கம் சொன்னார், இனியும் சொல்வேன் என்று அவரிடமே தெரிவித்தார் என்பதைக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் பின்னர் நினைவுகூர்ந்தார்கள்.

இதோடு கதையை நிறுத்தினால் நன்றாகத்தான் இருக்கும்.

1938 கோடையில் ஃபவோரிட்டனில், லக்சன்பேர்கர் வீதியில் இருந்த ஒரு கோப்பிக்கடையை சிண்டெலார் வாங்கினார். அதன் சொந்தக்காரர் லியோபோல்ட் டிரில் என்ற யூதர். யூதர் தொழில் நடத்த முடியாதபடி சட்டங்கள் வந்துகொண்டிருந்த காலம் அது. விற்பதைத் தவிர டிரிலுக்கு வழியில்லை. பிறர் கொடுக்கக்கூடியதைவிட சிண்டெலார் நியாயமாகக் கொடுத்தார் என்று ஒரு சாரார் சொல்கின்றனர். உண்மையான பெறுமதிக்குக் கிட்டவும் வராத விலை என்று மறுசாரார். விற்பவருக்கு மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் விலையைப் பற்றி வாதிடுவதில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. டிரில் பின்னர் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே இறந்தார்.

இந்தப் பகுதியைப் படித்த இரவு எனக்கு ஒரு சைக்கிள் ஞாபகம் வந்தது. 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். கொஞ்ச நாட்களில் அவர்கள் விட்டுப்போன சாமான்கள் விலைக்கு வந்தன. எங்கள் வீட்டுக்கும் ஒரு சைக்கிள் வந்தது; மலிவு. அப்பா நேர்மையானவர், யாருக்கும் தீங்கு நினைக்காதவர், காசு கொடுத்துத்தான் வாங்கினார். எனக்கு அப்போது ஒன்பது வயது. பெடலுக்குக் கால் எட்டாமல் குரங்குப் பெடல் போட்டு அதில்தான் ஓடப் பழகினேன். அது யாருடையது என்று நான் கேட்கவில்லை. 1995 இடப்பெயர்வில் நாங்களும் ஓடியபோது அதில்தான் அரிசி மூட்டையைக் கட்டினோம். அப்போதும் கேட்கவில்லை.

ஆகவே சிண்டெலாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்குக் கை வரவில்லை. மாவீரன் என்று மட்டும் எழுதிவிட்டுப் போகவும் முடியவில்லை. வணக்கம் சொன்னவரும் கடையை வாங்கியவரும் ஒரே ஆள்தான்.

1939 ஜனவரி 23ஆம் திகதி காலை, வியன்னாவின் அன்னாகாசே என்ற தெருவில் ஒரு வீட்டின் கதவை நண்பர் ஒருவர் உடைத்துத் திறந்தார். உள்ளே சிண்டெலார் இறந்து கிடந்தார். அருகில் நினைவற்றுக் கிடந்த அவருடைய துணைவி கமிலா கஸ்ரன்யோலாவும் பின்னர் உயிரிழந்தார். காபனோரொட்சைட்டு நச்சுவாயு. பழுதான புகைபோக்கியால் வந்த விபத்து என்பது உத்தியோகபூர்வ முடிவு. தற்கொலை என்றார்கள், கொலை என்றார்கள். நாடுகடந்து போன எழுத்தாளர் ஃபிரீட்றிக் டோர்பேர்க் அவருடைய சாவைப் பற்றி எழுதிய கவிதை தற்கொலைக் கதையை நிலைக்கச் செய்தது. நாட்டை இழந்தவர்களுக்கு அந்தச் சாவு ஒரு செய்தியாக இருக்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டடத்தின் புகைபோக்கி பற்றி முன்பே முறைப்பாடுகள் இருந்தன என்ற சாதாரண விடயத்தைக் கவிதையில் யார் வைப்பார்கள்? 36ஆவது பிறந்தநாளுக்கு மூன்று வாரம்கூட இல்லை. தேசிய அணிக்கு 43 ஆட்டங்கள், 26 கோல்கள். இறுதி ஊர்வலத்தில் ஏறத்தாழ 15,000 பேர் நடந்தார்கள்.

ஷ்வார்ஸ் இத்தாலிக்கும் பின்னர் பிரான்சுக்கும் தப்பிப்போய் உயிர் பிழைத்தார். போர் முடிந்ததும் வியன்னாவுக்குத் திரும்பி, அதே கழகத்துக்கு மீண்டும் தலைவரானார். நகரத்தின் மத்திய மயானத்தில் சிண்டெலாருக்கு மரியாதைக் கல்லறை உண்டு. கோப்பிக்கடை விவகாரம் வெளிவந்த பின், அந்த மரியாதை அவருக்குத் தகுமா என்று வியன்னாவில் பெரிய விவாதம் நடந்தது. எங்கள் பயிற்றுவிப்பாளர் இப்போது கனடாவில் இருக்கிறார். போன மாதம் தொலைபேசியில் கோப்பிக்கடையைப் பற்றிச் சொன்னேன். கனநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தச் சைக்கிள் என்ன நிறம் என்று கேட்டார். பச்சை என்றேன்.