திரும்பாத விமானங்களை எண்ணியவர்

போர் என்றவுடன் நம் நினைவில் வந்து நிற்பவர்கள் படைத்தலைவர்களும் வீரர்களுமே. இரண்டாம் உலகப் போரின் வரலாற்றை ஆர்வத்தோடு படிக்கும் நண்பர்கள் நம்மிடையே பலர் உண்டு. தளபதிகளின் பெயர்களும், கப்பல்களின் எடையும், விமானங்களின் வேகமும் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் அதே போரில் சீருடை அணியாமல், துப்பாக்கியைத் தொடாமல், நியூயார்க் நகரில் காகிதமும் பென்சிலும் கொண்டு பணியாற்றிய ஓர் அறிஞரைப் போர் நூல்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. புள்ளியியல் பயில்வோர் அனைவரும் அறிந்த ஆபிரகாம் வால்டு அவர். அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் விமானக் கதையைக் கேட்டவர் பலர். அவர் உண்மையில் செய்த வேலையை அறிந்தவர் சிலரே.

வால்டு 1902-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் கோலோஷ்வார் என்னும் ஊரில் பிறந்தார். அந்நாளில் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசைச் சேர்ந்திருந்த அவ்வூர் இன்று ருமேனியாவில் குளூஜ் என்ற பெயரோடு இருக்கிறது. பாட்டனார் யூத சமய குரு. தந்தையார் ரொட்டி சுட்டு விற்பவர். யூதருக்குச் சனிக்கிழமை ஓய்வு நாள். பள்ளியோ சனிக்கிழமையும் நடந்தது. சமய ஒழுக்கத்தில் வழுவாத அக்குடும்பம் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக் கற்பித்தது. வீட்டில் கற்ற அப்பிள்ளை வளர்ந்து, வியன்னா சென்று, கார்ல் மெங்கரிடம் கணிதம் பயின்று, 1931-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

பட்டம் கிடைத்தது, பதவி கிடைக்கவில்லை. யூதர் என்ற ஒரே காரணத்தால் பல்கலைக்கழகத்தின் கதவு அவருக்கு அடைத்தே இருந்தது. வங்கியாளர் ஒருவருக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தும், பொருளாதார ஆய்வு நிலையம் ஒன்றில் வேலை பார்த்தும் காலம் தள்ளினார். 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் புகுந்தது. அந்த வேலையும் போயிற்று. நல்வினையாக அமெரிக்காவின் கவுல்ஸ் ஆய்வுக் குழு அவரை அழைத்தது. அவ்வாண்டே கடல் கடந்தார். பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹரால்டு ஹோட்டலிங்கின் துணையோடு புள்ளியியலில் இறங்கினார். பெற்றோரும் உடன்பிறந்தோரும் ஐரோப்பாவிலேயே இருந்தார்கள்.

1942-இல் கொலம்பியாவில் புள்ளியியல் ஆய்வுக் குழு ஒன்று போர்ப் பணிக்காக அமைந்தது. ஆலன் வாலிஸ், மில்டன் ஃப்ரீட்மன் முதலியோர் அதில் இருந்தனர், வால்டும் சேர்ந்தார். பகை நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர் ஆகையால், அவர் எழுதி முடிக்கும் ஒவ்வொரு தாளையும் அவரே படித்துவிடாதபடி உடனே பிடுங்கிக்கொள்ள வேண்டும் என்று தோழர்கள் வேடிக்கை பேசினார்களாம்.

அக்குழுவுக்கு வந்த சிக்கல்களுள் ஒன்று ஆயுதச் சோதனையைப் பற்றியது. இத்தனை குண்டுகளைச் சுட்டுப் பார்த்த பிறகே முடிவு சொல்லவேண்டும் என்று முன்கூட்டியே விதி வகுத்திருந்தார்கள். அனுபவம் மிக்க அதிகாரிக்கோ முதற் சில குண்டுகளிலேயே முடிவு தெரிந்துவிடும். அப்படியிருக்க மற்றவற்றையும் ஏன் வீணாக்க வேண்டும் என்பது கேள்வி. இந்தக் கேள்வி 1943-இல் வால்டிடம் வந்தது. முதலில் அவருக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. சில நாட்களிலேயே வழி கண்டுவிட்டார். ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் ஏற்கலாமா, தள்ளலாமா, இன்னும் தொடரலாமா என்று கணக்கிட்டுச் சொல்லும் முறை அது. பல இடங்களில் பழைய முறைக்கு வேண்டிய சோதனைகளில் ஏறத்தாழப் பாதியே இதற்குப் போதுமாயிற்று. இதன் பயனை உணர்ந்த அரசு 1945 வரை இதை மறைவாக வைத்திருந்தது. 1947-இல் வால்டு இதை நூலாக வெளியிட்டார். தொடர்முறைப் பகுப்பாய்வு என்று நாம் பாடத்தில் படிப்பது இதுதான்.

இனி விமானக் கதைக்கு வருவோம். குண்டுவீச்சு விமானங்கள் உடம்பெல்லாம் துளைகளோடு திரும்பின. துளைகள் மிகுந்த இடத்தில் கவசத் தகடு பொருத்தலாம் என்றனர் அதிகாரிகள். வேண்டாம், துளை இல்லாத இடத்தில் பொருத்துங்கள் என்றார் வால்டு. அங்கே அடிபட்டவை திரும்பவே இல்லை என்பது அவர் காட்டிய காரணம். கதை இவ்வளவே. சிவப்புப் புள்ளிகள் இட்ட விமானப் படம் ஒன்றையும் இதனோடு காட்டுவார்கள். அப்படம் பிற்காலத்தார் வரைந்தது. வால்டின் கைப்படம் அன்று. அதிகாரிகளோடு நடந்ததாகச் சொல்லும் உரையாடலும் அவருடைய அறிக்கைகளில் இல்லை. ஆனால் அந்த அறிக்கைகள் கதையைக் காட்டிலும் உயர்ந்தவை. 1943-இல் எழுதிய எட்டு அறிக்கைகள் அவை. பல ஆண்டுகள் கோப்புகளில் கிடந்து, 1980-இல்தான் மறுபதிப்பாக வெளிவந்தன.

அவற்றில் வால்டு எடுத்துக்கொண்ட கணக்கு ஒன்றைப் பார்ப்போம். 400 விமானங்கள் தாக்குதலுக்குச் சென்றன என்று கொள்க. 380 திரும்பின, 20 திரும்பவில்லை. திரும்பியவற்றுள் 320 விமானங்களில் குண்டே படவில்லை. ஒரு குண்டு பட்டவை 32; இரண்டு பட்டவை 20; மூன்று பட்டவை 4; நான்கு பட்டவை 2; ஐந்து பட்டவை 2. வீழ்ந்த 20 விமானங்களில் எத்தனை குண்டுகள் பட்டன? அவை கடலடியிலோ பகைவர் மண்ணிலோ கிடக்கின்றன. யாரும் போய் எண்ண முடியாது.

வால்டு எண்ணினார். குண்டு படாத விமானம் வீழ்வதில்லை. எத்தனையாவது குண்டானாலும் அதைத் தாங்கும் நிகழ்தகவு ஒன்றே. இவ்விரண்டையும் அடிப்படையாகக் கொண்டார். ஒரு குண்டு பட்டுத் திரும்பியவை 32 என்றால், ஒரு குண்டுக்கு இலக்கானவை அதைவிடச் சற்று மிகுதியாக இருந்திருக்கும். இரண்டு குண்டுகளுக்கு அந்த விகிதம் இன்னும் மிகும். மூன்றுக்கு மேலும் மிகும். இந்த மிகுதிகள் எல்லாம் கூடி, திரும்பாத 20 விமானங்களுக்குச் சமமாக வேண்டும். சமன்பாட்டைத் தீர்த்தால் ஒரு குண்டைத் தாங்கும் நிகழ்தகவு 0.851 என்று வருகிறது. அஃதாவது ஒரு குண்டு விமானத்தை வீழ்த்தும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 15. கணித மாணவர்கள் தாங்களே போட்டுப் பார்க்கலாம். அரை மணி நேர வேலைதான்.

பிறகு அவர் விமானத்தின் உறுப்புகளைத் தனித்தனியே எடுத்துக்கொண்டார். வானத்தில் சுடுபவனால் இன்ன உறுப்பு என்று குறிபார்த்து அடிப்பது அரிது. ஆகவே குண்டுகள் பரப்பளவுக்கு ஏற்பவே படும் எனலாம். எஞ்சின் இத்தனை பங்கு பரப்பு என்றால், துளைகளிலும் அத்தனை பங்கு எஞ்சினில் இருக்க வேண்டும். திரும்பிய விமானங்களில் அப்பங்கு குறைந்தால், குறைந்த பங்கு திரும்பாதவற்றோடு போயிற்று என்று பொருள். அவர் காட்டிய எடுத்துக்காட்டிலும் அடி தாங்காத உறுப்பு எஞ்சின்தான். விமானம் முழுவதும் கவசம் போர்த்தினால் எடை கூடிப் பறக்கவே இயலாது. ஆகவே எங்கே தகடு வேண்டும் என்பது வீரர்களின் உயிரைப் பற்றிய கேள்வி.

இந்தக் கணக்குகளை அவர் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அவருடைய குடும்பம் அழிவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. 1944-இல் கோலோஷ்வார் யூதர்கள் ஆஷ்விட்சு கொலைக்களத்துக்கு அனுப்பப்பட்டார்கள். போர் முடிந்தபோது வால்டின் பெற்றோரும் உடன்பிறந்தோரும் உயிரோடு இல்லை. சகோதரர் ஒருவர் மட்டும் தப்பிப் பிழைத்தார். அவரை வால்டு அமெரிக்காவுக்கு வரவழைத்துக்கொண்டார்.

போருக்குப் பின் வால்டு முடிவெடுப்பதன் கணிதத்தை முழுமையாக ஆராய்ந்து, 1950-இல் அதைப் பெருநூலாக வெளியிட்டார். அவ்வாண்டே இந்திய அரசின் அழைப்பை ஏற்றுச் சொற்பொழிவாற்ற நம் நாட்டுக்கு வந்தார். டிசம்பர் 13-ஆம் நாள் அவரும் அவர் மனைவியும் சென்ற விமானம் நீலகிரியில், கோத்தகிரிக்கு அருகே மலையில் மோதி நொறுங்கிற்று. அதில் சென்ற எவரும் பிழைக்கவில்லை. விமானங்கள் திரும்புவதற்காகக் கணக்கிட்டவர், திரும்பாத விமானம் ஒன்றில் தமிழ் நாட்டு மலையில் மாண்டார். அப்போது அவருக்கு வயது 48. அமெரிக்காவில் இருந்த இரண்டு குழந்தைகள் தாய் தந்தையற்றவர் ஆயினர். அவர்களுள் மூன்று வயதுச் சிறுவனாக இருந்தவரே பின்னாளில் பொதுச் சார்பியல் கொள்கையில் புகழ் பெற்ற ராபர்ட் வால்டு. நம் இயற்பியல் நண்பர்களின் மேசையில் இருக்கும் அந்தத் தடித்த பாடநூல் அவர் எழுதியது.

ஆபிரகாம் வால்டிடம் நாம் கற்கவேண்டியது சாமர்த்தியமான ஒரு விடையை அன்று. கண்ணெதிரே உள்ளவற்றை மட்டும் எண்ணி முடிவுக்கு வராத நேர்மையைக் கற்க வேண்டும். வெற்றி பெற்ற சோதனைகளே ஏடுகளில் அச்சாகின்றன. தோற்றவை மேசை அறையிலேயே தங்கிவிடுகின்றன. ஊரை விட்டு இத்தனை தூரம் வந்து படிக்கும் நாம் விடுமுறைக்குப் போகும்போது, நாம் வந்த வழியையே தம்பி தங்கையருக்கு அறிவுரையாகச் சொல்லுகிறோம். நம்மைப் போலவே உழைத்தும், பணமின்றியோ இடமின்றியோ வர இயலாது நின்ற தோழர்களை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர்களையும் எண்ணிப் பார்த்த பின் சொல்லும் அறிவுரையே பயன் தரும். வால்டு திரும்பாத விமானங்களை எண்ணியது திரும்ப வேண்டியவர்களுக்காகவே.