கரும்புத் தோட்டத்தில் பிறந்த விடுதலை: துஸ்ஸேன் லூவர்த்தூர்



காலையில் பிரட்டுக்குப் போகுமுன் தேத்தண்ணியில் சீனி போட்டுக் குடிக்கிறோம். அந்தச் சீனிக்காக ஒரு காலத்தில் மனிதரை மாடு கன்று போல விலைக்கு வாங்கி வேலை வாங்கினார்கள். அப்படி ஒரு தோட்டத்தில் அடிமையாகப் பிறந்து, ஒரு நாடே விடுதலை பெற வழி செய்தவரின் கதையை இந்த வாரம் சொல்கிறேன். அவர் பெயர் துஸ்ஸேன் லூவர்த்தூர்.

அமெரிக்கக் கண்டத்துக்கு அருகே, கரீபியக் கடலில் உள்ள நாடு ஹைட்டி. அன்று அதற்கு சான் தொமிங் என்று பெயர், பிரெஞ்சுக்காரரின் காலனி. ஐரோப்பாவுக்குப் போன சீனியிலும் காப்பியிலும் பெரும்பங்கு அங்கே விளைந்தது. 1789ஆம் ஆண்டில் சுமார் 30,000 வெள்ளையர் அங்கே இருந்தார்கள். அவர்களுக்கு உழைத்த அடிமைகளோ ஏறக்குறைய 5 லட்சம் பேர்! ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் அடைத்துக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தாம்.

விடியுமுன் மணி அடிக்கும். கையில் சவுக்கோடு ஒருவன் பின்னால் நிற்பான். நம் பாட்டன் காலத்துக் கங்காணி போல, அவனும் அதே அடிமைக் கூட்டத்தில் ஒருவன்தான். வெட்டுக் காலத்தில் கரும்பாலை இரவிலும் ஓடும். தூக்கக் கலக்கத்தில் உருளைக்குள் கை போனவர்கள் உண்டு. 1685இல் பிரெஞ்சு அரசர் போட்ட சட்டம் அடிமையைத் தட்டுமுட்டுச் சாமானைப் போல ஒரு சொத்தாகத்தான் எண்ணியது. ஒரு மாதம் ஓடிப்போனவனுக்குக் காதை அறுத்துச் சூடு போடலாம். மூன்றாம் முறை ஓடினால் மரணம்.

இந்தத் தீவின் வடக்கே, பிரெடா என்ற தோட்டத்தில் 1743 வாக்கில் பிறந்தார் துஸ்ஸேன். சின்ன வயதில் மெலிந்த பிள்ளை. கால்நடைகளைப் பார்த்துக்கொண்டார், பிறகு துரையின் குதிரை வண்டியை ஓட்டினார். எழுதப் படிக்கவும் கற்றுக்கொண்டார். முப்பது வயதுக்குமேல் அவருக்கு விடுதலை கிடைத்தது. அதன்பின் அவரே ஒரு காப்பித் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தார். அதிலும் அடிமைகள் வேலை செய்தார்கள். இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவரும் அந்தக் காலத்து மனிதர்தானே.

அந்தத் தீவில் எல்லாருக்கும் ஒரு மனக்குறை இருந்தது. விளைச்சலைப் பிரான்சுக்கு மட்டுமே விற்க வேண்டும் என்ற சட்டம் முதலாளிகளுக்குக் கசந்தது. கலப்பினத்தாரும் விடுதலை பெற்ற கறுப்பரும் சம உரிமை கேட்டார்கள். அதற்காக ஆயுதம் தூக்கிய வின்சென்ட் ஓஜே என்பவரை 1791 பிப்ரவரியில் சக்கரத்தில் கட்டி, எலும்பை முறித்துக் கொன்றார்கள். அடிமைகளின் குறையை மட்டும் கேட்க ஆளே இல்லை. 1789இல் பிரான்சில் புரட்சி வந்து, மனிதர் எல்லாரும் சமம் என்று அறிவித்த சேதி கப்பலேறி இங்கேயும் வந்தது. துரைமார் சாப்பாட்டு மேசையில் அதைப் பேசப் பேச, பரிமாறியவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

1791 ஆகஸ்டு 22ஆம் தேதி இரவு வடக்கே தோட்டங்கள் பற்றி எரிந்தன. ஆனால் அப்போதும் அவர்கள் தனி நாடு கேட்கவில்லை. சவுக்கடி கூடாது, வாரத்தில் சில நாள் எங்களுக்கு விடுங்கள் என்பதுதான் பேச்சு. அந்த ஆண்டு முடிவில் நடந்த பேச்சுவார்த்தையில், தலைவர்கள் சிலருக்கு மட்டும் விடுதலை கொடுத்தால் போதும், மற்றவர்கள் வேலைக்குத் திரும்பட்டும் என்றுகூடக் கிளர்ச்சித் தலைவர்கள் இறங்கி வந்தார்கள். அந்தப் பேச்சில் துஸ்ஸேனுக்கும் பங்கு உண்டு. முதலாளிகளின் சபை அதற்கும் மசியவில்லை, அலட்சியமாகத் தள்ளிவிட்டது. அதற்குப் பிறகுதான் சிலருக்கு விடுதலை என்ற பேச்சு போய், எல்லாருக்கும் விடுதலை என்று ஆனது.

துஸ்ஸேன் படை திரட்டினார். முதலில் ஸ்பெயின்காரரோடு சேர்ந்து போரிட்டார். 1794 பிப்ரவரியில் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்தது. அந்த ஆண்டே பிரான்சின் பக்கம் வந்தார். தீவைப் பிடிக்க வந்த ஆங்கிலேயப் படை 1798இல் மூட்டை கட்டியது. 1801இல் அவர் தந்த அரசியல் சட்டம், அடிமை முறை என்றைக்கும் இல்லை என்றது. அவரை ஆயுட்கால ஆளுநராகவும் ஆக்கியது.

இங்கேதான், தோழர்களே, நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஆயுதம் வாங்கப் பணம் வேண்டும். பணத்துக்குச் சீனியும் காப்பியும் விளைய வேண்டும். அதனால் 1800 அக்டோபரில் ஒரு கட்டளை போட்டார். தொழிலாளி தன் தோட்டத்தை விட்டுப் போகக்கூடாது, பட்டாளக் கட்டுப்பாட்டில் வேலை செய்ய வேண்டும். கூலியாக விளைச்சலில் கால் பங்கு உண்டு. ஆனால் சொந்தமாக ஒரு துண்டு நிலம் கேட்ட மக்களுக்கு இது பிடிக்குமா? மறு ஆண்டு வடக்கே கலகம் எழுந்தது. அதற்கு உடந்தை என்று, தம் மகன் போல வளர்த்த தளபதி மோயிசையே சுட்டுக் கொல்லச் செய்தார். நான் சங்க வேலை பார்க்கிறவன். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும். தொழிலாளியின் தோளில் ஏறி வந்த தலைவர், தொழிலாளியின் குறையைக் கேட்க மறந்துவிட்டாரே!

1802இல் நெப்போலியன் பெரும்படை அனுப்பினார். துஸ்ஸேன் மூன்று மாதம் கடுமையாகப் போரிட்டார். தளபதிகள் ஒவ்வொருவராக எதிரியோடு சேர்ந்தார்கள். மே மாதம் அவர் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டுத் தம் பண்ணைக்குப் போனார். ஜூனில் பேச்சுக்கு என்று கூப்பிட்டு, நம்பிப் போனவரைக் கட்டிக் கப்பலேற்றினார்கள். பிரான்சின் ஜூரா மலையில், குளிர் வாட்டும் ஒரு கோட்டையில் அடைத்தார்கள். 1803 ஏப்ரல் 7ஆம் தேதி அங்கேயே இறந்தார்.

தலைவரைப் பிடித்தாயிற்று, கதை முடிந்தது என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். அருகிலுள்ள குவாதலூப் தீவில் அடிமை முறை திரும்பி வந்த சேதி பரவியதும் மக்கள் மறுபடி பொங்கினார்கள். முதுகில் சவுக்குத் தழும்பு சுமந்த டெஸ்ஸலின் தலைமை ஏற்றார். மஞ்சள் காய்ச்சலும் பிரெஞ்சுப் படையை வாரிக்கொண்டு போனது. 1803 நவம்பர் 18இல் கடைசிப் போர். 1804 ஜனவரி 1ஆம் தேதி ஹைட்டி சுதந்திர நாடாயிற்று.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1848இல் பிரான்ஸ் மற்றக் காலனிகளிலும் அடிமைகளை விடுவித்தபோது, குவாதலூப், மார்த்தினிக் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடினார்கள். ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் நம் தமிழர்களும் இருந்தார்கள்.

சின்னக் குறைதானே என்று மேலே இருப்பவன் தள்ளும்போது, அது சின்னதாகவே இருந்துவிடாது. அதே போல, நம் கிளைத் தலைவரும் கமிட்டியும் ஒன்றை மறக்கக் கூடாது. பேச்சுவார்த்தை மேசையில் உட்காரும்போது, பிரட்டுக்களத்தில் கடைசி வரிசையில் நிற்கிற ஆளின் குறையும் கையில் இருக்க வேண்டும். இந்தக் கதையைப் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.