லுஹர் வரை உயிரோடிருப்போமா?

அலுவலகத்திலும் கடையிலும் வேலை குவிந்து கிடக்கும்போது எதை முதலில் செய்வது என்ற மலைப்பு நம் எல்லோருக்கும் வருவதுண்டு. எளிதான வேலையை முடித்துவிட்டு, மனதுக்குப் பாரமான வேலையை நாளைக்கு என்று ஒதுக்கி விடுகிறோம். ஸ்பெயின் முதல் சிந்து வரை பரவியிருந்த பேரரசின் சுமையை இரண்டரை ஆண்டுகளுக்கும் குறைவாகவே சுமந்த கலீபா ஹழ்ரத் உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் வாழ்வில் இதற்கு நல்ல படிப்பினை இருக்கிறது.

அன்னாரது தாயார் உம்மு ஆஸிம், ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் மகனார் ஆஸிம் அவர்களின் புதல்வியார். உமையா அரச குடும்பத்தில் செல்வச் செழிப்போடு வளர்ந்தார்கள். ஹிஜ்ரி 87-ல் (கி.பி. 706) மதீனாவின் ஆளுநராக வந்ததும், அந்நகரின் மார்க்க மேதைகள் பத்துப் பேரை அழைத்து, அவர்களது ஆலோசனையின்றி எதையும் முடிவு செய்வதில்லை என்று உறுதி கூறினார்கள்.

ஹிஜ்ரி 99-ல் (கி.பி. 717) கலீபா சுலைமான் வபாத்தானதும் ஆட்சிப் பொறுப்பு அன்னாரிடம் வந்தது. ஜனாஸாவை அடக்கம் செய்துவிட்டுக் களைத்துப் போய்ச் சற்றே கண்ணயரச் சென்றார்கள். இளவயது மகனார் அப்துல் மலிக் வந்து, அநியாயமாகப் பறிக்கப்பட்ட சொத்துக்களை உரியவர்களிடம் ஒப்படைக்காமல் உறங்கப் போகிறீர்களா என்று கேட்டார். இரவெல்லாம் விழித்திருந்ததாகவும், லுஹர் தொழுதபின் அதைச் செய்வதாகவும் தந்தையார் சொன்னார்கள். லுஹர் வரை உயிரோடிருப்பீர்கள் என்பதற்கு யார் பொறுப்பு என்றார் மகனார். கலீபா எழுந்து மகனை முத்தமிட்டு, தீனில் தமக்குத் துணை நிற்கும் பிள்ளையைத் தந்த அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டு, ஓய்வெடுக்காமலேயே வெளியே வந்தார்கள். அநீதி இழைக்கப்பட்டோர் முறையிடலாம் என்று அறிவிக்கச் செய்தார்கள்.

அந்த வேலையைத் தம்மிடமிருந்தே தொடங்கினார்கள். தமக்கு வந்திருந்த நிலங்களைத் துறந்தார்கள். மனைவியார் பாத்திமா, தம் தந்தை கொடுத்த நகைகளை பைத்துல்மாலில் சேர்த்தார்கள். அதன் பிறகே உறவினர்களின் சொத்துக்களில் கை வைத்தார்கள்.

ஒருமுறை, இன்று சற்று ஓய்வெடுங்கள், வேலையை நாளை பார்க்கலாம் என்று சிலர் சொன்னபோது, ஒரு நாள் வேலையே தம்மைக் களைப்படையச் செய்யும்போது இரு நாள் வேலை ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். அரசு வேலைக்கு பைத்துல்மாலின் விளக்கு. அது முடிந்து சொந்தப் பேச்சு தொடங்கினால் சொந்த விளக்கு. காகிதத்தை வீணாக்காமல் எழுத்தை நெருக்கி எழுதும்படி மதீனாவின் அதிகாரிக்குக் கட்டளையிட்டார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க அன்னார் விரைந்ததில்லை. சீர்திருத்தங்கள் யாவற்றையும் உடனே நிறைவேற்றும்படி அதே மகனார் வற்புறுத்தியபோது, சத்தியம் முழுவதையும் மக்கள் மீது ஒரேயடியாகச் சுமத்தினால் அவர்கள் அதை ஒரேயடியாக உதறிவிடுவார்கள் என்று விளக்கினார்கள். பிறர் உரிமையைத் திருப்பித் தருவதில் லுஹர் வரை கூடப் பொறுக்காதவர்கள், மக்களைத் திருத்துவதில் பொறுமை காட்டினார்கள். எதற்கு அவசரம், எதற்கு நிதானம் என்று பிரித்தறிந்ததுதான் அன்னாரது தனிச் சிறப்பு.

லுஹர் வரை உயிரோடிருப்பது யார் கையில் என்று கேட்ட அந்த மகனார் தந்தைக்கு முன்பே மறைந்தார். கலீபாவும் ஹிஜ்ரி 101 ரஜபில் (கி.பி. 720) நாற்பது வயதை ஒட்டி வபாத்தானார்கள். அன்று லுஹருக்குப் பிறகு என்று தள்ளியிருந்தால், பல வீடுகளுக்குச் சேர வேண்டிய உரிமை சேராமலே போயிருக்கக்கூடும்.

நம் கையிலும் அத்தகைய வேலைகள் உண்டு. கூலியாளின் ஊதியம், திருப்பித் தர வேண்டிய கடன், சகோதரிக்குச் சேர வேண்டிய வாரிசுப் பங்கு, மேசையில் காத்திருக்கும் ஏழையின் மனு ஆகியவை முதலில் வரட்டும். சம்பளம் வாங்கும் நேரம் முதலாளியின் அமானத் என்பதையும் மறவாதிருப்போம்.

இன்றைய கடமையை இன்றே நிறைவேற்ற அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.