களை விதையைப் பாட்டிலில் புதைத்த பேராசிரியர்

எத்தனை முறை பறித்தாலும் மறு போகத்தில் களை வந்து நிற்கிறதே, இந்த விதை மண்ணுக்குள் எத்தனை வருடம்தான் உயிரோடு கிடக்கும் என்று மண்ணச்சநல்லூர் வயல்களில் நீங்களும் யோசித்திருப்பீர்கள். இதே கேள்விக்கு விடை தேடியவர் வில்லியம் ஜேம்ஸ் பீல். 1833-ல் பிறந்த இவர் அமெரிக்காவின் மிச்சிகன் வேளாண் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர். மக்காச்சோளத்தில் கலப்பு செய்து விளைச்சலைக் கூட்டிக் காட்டிய முன்னோடியும்கூட.

1879-ல் 20 பாட்டில்களில் ஈர மணலோடு விதைகளைக் கலந்தார். ஒவ்வொரு வகையிலும் 50 விதை. தண்ணீர் தேங்காதபடி வாயைக் கீழே சாய்த்து, ஒன்றரை அடிக்கும் கீழே புதைத்தார். ஐந்து வருடத்துக்கு ஒன்றாக எடுத்து முளைக்க வைத்தார். 1910-ல் ஓய்வு பெற்று, 1924-ல் காலமானார். சோதனையை மற்றவர்கள் தொடர்கிறார்கள். பல வகை விதைகள் செத்துவிட்டன. ஆனால் 2021-ல் எடுத்த பாட்டிலிலும் ஒரு களையின் விதைகள் முளைத்தன, 141 வருடம் கழித்து!

ஆழத்தில் புதைந்த விதை காத்திருக்கும் என்பது இதில் தெரிகிறது. கரிசலாங்கண்ணி போன்ற பொடி விதைகள் வெளிச்சம் படும் மேல்மண்ணில்தான் முளைக்கும். ஆழ உழவு அவற்றை அமுக்கும். அடுத்த வருடமும் அதே ஆழத்தில் உழுதால் பிழைத்தவை மேலே வந்துவிடும். ஒருமுறை ஆழமாக உழுதால், சில வருடம் மேலாக உழுங்கள் என்பேன்.

நெல் தரிசில் உளுந்து போடுபவர்கள், மாட்டுக்கு எடுத்தது போக மீதி வைக்கோலைச் சீராகப் பரப்புங்கள். வெளிச்சம் மறைந்து களை முளைப்பது குறையும், தாமதமாகும். ஒரே இடத்தில் குவியவிட்டால் மட்டும் உளுந்தும் மேலே வராது.